அரை நூல் தூக்கல்

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எடுத்துக்கொண்டது. அதில் குறை ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்ட பிறகுதான் நொண்ட ஆரம்பித்தது. மூன்று அடி ஒழுங்காக விழும். நாலாவது அடி விழ வேண்டிய இடத்தில் ஒரு உதறல். அந்த உதறலில் முன் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, லாரியை ஒட்டினாற்போல் இருந்த வீட்டுச் சுவர், சுவருக்கு உள்பக்கம் சமையலறை அலமாரியில் அடுக்கியிருந்த தட்டுகள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. காற்றே இல்லாத காலை. புகை எங்கேயும் போக மனமில்லாமல் தெருவிலேயே நின்றுகொண்டது.

லாரிக்காரனுக்குத் தெருவில் நிதானம் என்று பெயர். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் அவன் ஹாரனில் கை வைத்து யாரும் பார்த்ததில்லை. முன்னால் ஒரு கோழி குறுக்கே நின்றால்கூட, அது யோசித்து முடிவெடுத்து நகரும்வரை காத்திருப்பான். அந்த நிதானம் இப்போது ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான்.

உள்ளே தையல் மெஷின் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு அவன் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க சத்தம் இது?"

"இன்ஜின் சத்தம்."

"அது தெரியுது. நேத்து காலையில இப்படி இல்லையே."

"இல்ல."

"நேத்து முழுக்க வாசல்ல உக்காந்து கழட்டி மாட்டுனீங்களே, அதுக்கு அப்புறமா இப்படி?"

அவன் இன்ஜினை அணைத்தான். அணைத்த பிறகும் அது ஒரு தடவை உலுக்கிவிட்டுத்தான் அடங்கியது.

நாளைக் காலை வண்டியைப் பார்க்க ஆள் வருகிறது. ஊருக்கு வெளியே செடி வளர்த்து விற்கிற ஒரு அம்மாள். வாங்க வருகிறவர்கள் முன்னால் வண்டி சுத்தமாகப் பாட வேண்டும் என்றுதான் நேற்று அவன் எல்லாவற்றையும் பிரித்தான். ஆயில் மாற்றினான், டீசல் ஃபில்டர் மாற்றினான். டீசலைச் சிலிண்டருக்குள் தூவுகிற நாசில்கள் நாலையும் கழற்றிக் கழுவி, அடியில் புதுச் செம்பு வாஷர் போட்டு மாட்டினான். முடிக்கும்போது இருட்டிவிட்டது. பிள்ளைகள் தூங்குகிற தெருவில் உறும விட வேண்டாம் என்று ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. பட்டறைக்குக் கொண்டு போகலாமே என்று அவள் கேட்டதற்கு, "என் வண்டி, நானே குளிப்பாட்டி அனுப்பறேன்" என்றிருந்தான்.

அவள் வாசற்படியில் நின்றபடியே அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன சொல்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால் பார்க்காமல் பானட்டைத் தூக்கினான்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். கோவப்படக்கூடாது."

"கோவப்படற மாதிரி கேக்காத."

"வேணும்னு ஏதாவது செஞ்சீங்களா?"

ஸ்பேனரைக் கையில் எடுத்தவன் அதைத் திரும்ப இறக்கி வைத்தான். "நான் கிறுக்கனா?"

"போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் நடந்ததைப் பார்த்தவ நான்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. வண்டியை விற்கலாம் என்ற பேச்சு போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. விடியற்காலையில் ஓடு ஏற்றிக்கொண்டு வந்த லாரி, சாலையை விட்டு இறங்கி ஒரு வயலுக்குள் போய் நின்றுவிட்டது. அவனுக்குக் காயம் இல்லை. மாடு குறுக்கே வந்தது என்றான். எந்த மாடு, என்ன நிறம் என்று அவள் கேட்டதற்கு ஒவ்வொரு தடவை ஒவ்வொரு நிறம் சொன்னான். அன்றிலிருந்து அவள் பிடித்த பிடி விடவில்லை. முதலில் பார்க்க வந்த ஆளிடம், கேட்காமலேயே வண்டியின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அவரைத் தெருமுனை வரை துரத்தினான். இரண்டாவது ஆள் வந்த அன்று வண்டியும் இல்லை, இவனும் இல்லை. அவசர லோடு என்று ஒரு சேதி மட்டும் இருந்தது. இது மூன்றாவது. குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் வாசல் பார்க்கிற வேலைக்கும் அவள் அலைந்து திரிந்து ஏற்பாடு செய்துவிட்டாள்.

"இந்தத் தடவை நானே சரின்னு சொன்னேன் இல்ல?" என்றான்.

"சொன்னீங்க. வாய் சொல்லுச்சு."

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தையல் மெஷின் மறுபடி ஓடியது. அது மிஸ் அடிக்காமல் ஓடியது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

வெயில் சுவரைத் தாண்டி இறங்குவதற்குள் அவன் முதல் வேலையை முடித்தான். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்து, பம்பின் மேலிருந்த திருகைத் தளர்த்திக் கைப்பிடியை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினான். முதலில் குமிழி குமிழியாக வந்தது. அதைப் பார்த்ததும் மனசு லேசாயிற்று. பிறகு குமிழி இல்லாமல் தெளிவாக டீசல் வந்தது. திருகை இறுக்கி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினான்.

மூன்று அடி. ஒரு உதறல்.

எதிர் வீட்டம்மா கொடியில் போட்டிருந்த துணிகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"டிரைவரே, நான் துவைக்கறதா வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. வெள்ளைத் துணியெல்லாம் டீசல் வாடை அடிக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, இப்ப சரியாயிடும்."

"இதையேதான் நேத்தும் சொன்னே."

"நேத்து வண்டி நல்லா இருந்துச்சும்மா."

"நல்லா இருந்த வண்டியை ஏம்பா தொட்டே?"

அவன் பானட்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டான். பதில் இல்லாத கேள்வியாகத்தான் அன்று எல்லோரும் கேட்டார்கள்.

பத்து மணி சுமாருக்கு மனைவியின் தம்பி வந்தான். அக்காதான் கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இரும்பு சம்பந்தப்பட்ட எல்லாம் தனக்குத் தெரியும் என்பது அவன் நம்பிக்கை. லாரியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். டயரை உதைத்துப் பார்த்தான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாமா."

செய்தான்.

"நிறுத்துங்க. டேப்பெட்."

"என்ன டேப்பெட்?"

"வால்வு இடைவெளி சரியில்ல. சத்தமே சொல்லுதே."

"டேப்பெட்டை நான் தொடவே இல்ல மாப்ளே."

"தொடாட்டியும் மாறும். உதறுது இல்ல, உதறல்ல நட்டு லூசாயிருக்கும்."

"டேப்பெட் லூசானதால உதறுதா, உதறுனதால டேப்பெட் லூசாச்சா?"

"ரெண்டும்தான் மாமா."

நம்பவில்லை என்றாலும் நிதானம் மேல்மூடியைக் கழற்றினான். சும்மா இருப்பதைவிட அது மேல். ஒவ்வொரு வால்வின் இடைவெளியிலும் அளவுத் தகட்டை நுழைத்து இழுத்துப் பார்த்தான். மச்சினன் ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவிட்டான். எட்டு வால்வும் சொல்லி வைத்தாற்போல் இருந்தன. தகடு ஒரே மாதிரிப் பிடித்து ஒரே மாதிரி விட்டது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து இன்ஜின் மேல் சொட்டி, சொட்டின இடத்தில் சுர்ரென்றது.

"அப்ப டீசல்ல தண்ணி" என்றான் மச்சினன்.

"ஒரே பங்க்ல பத்து வருஷமா போடறேன்."

"பங்க்காரனே தெரியாம ஊத்தியிருப்பான்."

டேங்க் அடியிலிருந்த திருகைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்கள். தண்ணீர் இல்லை. புதிதாகப் போட்ட டீசல் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பழைய ஃபில்டரைக் குப்பையிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தார்கள். அதே உதறல். மறுபடி புதியதை மாட்டினார்கள். அதற்கு மறுபடி காற்று எடுக்க வேண்டியிருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். உதறலோடு சேர்ந்து ஊளைச் சத்தமும் வந்ததுதான் மிச்சம்.

மச்சினன் வாசற்படியில் உட்கார்ந்து அக்கா கொடுத்த டீயை ஊதிக் குடித்தான். குடித்துக்கொண்டே அவளிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னான். வெல்டிங் சத்தத்தில் பேசிப் பழகியவனுக்கு மெல்லிய குரல் வராது.

"எனக்கும் அப்படித்தான்க்கா தோணுது. இத்தனை வருஷம் கழட்டி மாட்டுன மனுஷனுக்குத் திடீர்னு தப்பு வருமா?"

நிதானம் வண்டிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான். முதுகெல்லாம் மண்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல மாமா."

"சொல்லுப்பா. சத்தமாத்தானே சொன்னே, இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. எதிர் வீட்டுக்கும் கேக்கட்டும்."

"கோவப்படாதீங்க. மனசுல விக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடலாம். நாளைக்கு அந்தம்மா அவ்ளோ தூரத்துலருந்து வந்து ஏமாந்து போகணுமா? சத்தியமா சொல்லுங்க, எதைக் கழட்டி விட்டீங்க?"

கையிலிருந்த ஸ்பேனரை நிதானம் தெருவில் வீசினான். அது தார் ரோட்டில் எகிறிக் குதித்துப் போய் எதிர் வீட்டு வாசலில் நின்றது. எதிர் வீட்டம்மா வந்து அதை எடுத்து, துடைத்து, தன் வாசல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மச்சினன் டீ டம்ளரைப் படியில் வைத்தான். "பட்டறையில ஆள் காத்திருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தான். நிதானம் லாரிக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.

மதியம் ஆயிற்று. வானம் ஒரு பக்கம் கறுத்து, பெய்யப் போவதுபோல் பாவனை காட்டிவிட்டுப் புழுக்கத்தை மட்டும் இறக்கியது. அவன் சாப்பிட வரவில்லை. கேபினுக்குள் அடுப்பு மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை வாசல் வரை வந்து திரும்பினாள். மூன்றாம் தடவை ஒரு தட்டில் சோறும் அவித்த முட்டையும் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, மறுபக்கக் கதவைத் திறந்தாள். புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் அந்தப் பக்கம் உட்கார்ந்து போனது. அப்புறம் தையல், மகள், மகளின் படிப்பு, மகளின் கல்யாணம் என்று அந்தச் சீட்டுப் பக்கம் வரவில்லை.

"சாப்பிடுங்க."

"வேண்டாம்."

"சோத்து மேல என்ன கோவம்?"

அவன் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். சாப்பிடவில்லை. முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"விலையைக் குறைச்சு இப்படியே குடுத்துடலாமா?" என்றாள். "பழுதுன்னு சொல்லியே குடுப்போம்."

"உனக்கு என்னதான் வேணும்? நான் வேணும்னு பண்ணலைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் இப்ப அதைக் கேக்கலையே."

"கேக்காமலே கேக்கற. காலையிலருந்து அந்தக் கண்ணாலயே கேக்கற." அவன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். "விக்கணும்னு உன்னைவிட எனக்குத்தான்டி அவசரம்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மாடு வரல" என்றான். "அன்னிக்கு எந்த மாடும் வரல."

"தெரியும்."

"தூங்கிட்டேன்னு நினைச்சிருப்பே. அதுவும் சரிதான். ஆனா தூக்கம் வந்து தூங்கல. தூக்கம் வந்தா தெரியும். ஓரம் கட்டுவேன், முகம் கழுவுவேன். இது எனக்கே தெரியல. ரோடு இருந்துச்சு. அடுத்தாப்ல பயிரு இருந்துச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல." தட்டிலிருந்த முட்டையை விரலால் நகர்த்தினான். "அதுக்கப்புறம் கொஞ்ச நாள் வீம்பா ஓட்டுனேன். அப்ப விக்க மனசில்ல, நிஜம். வந்தவனைத் துரத்துனேன். இப்ப கண்ணைச் சிமிட்டவே பயமா இருக்கு. சிமிட்டாமலே ஓட்டி ஓட்டிக் கண்ணுல தண்ணியா ஊத்துது. போன மாசம் ஆத்துப் பாலத்துக்கு முன்னாடி நிறுத்திட்டேன். கை வரல. மூட்டை இறக்க வந்த பையனுக்கு ஓட்டத் தெரியும்னான். அவனை ஓட்டச் சொல்லி நான் இந்தப் பக்கம் உக்காந்துதான் பாலம் தாண்டுனேன். நீ இப்ப உக்காந்திருக்கியே, இங்க."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"என்னன்னு சொல்றது? டிரைவருக்கு ரோட்டைப் பார்த்தா பயம்னா?"

"என்கிட்டதானே."

"உன்கிட்டதான் முக்கியமா சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

இத்தனை நாள் அவன் வண்டி எடுத்துப் போன ஒவ்வொரு காலையும், சிமிட்டாத கண்ணோடு அவன் எங்கோ உட்கார்ந்திருந்திருக்கிறான். இவள் இங்கே பிளவுசுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தட்டைத் தன் மடிக்கு இழுத்துச் சோற்றைப் பிசைந்து அவன் கையில் ஒரு உருண்டை வைத்தாள். அவன் கையில் கிரீஸ் இருந்தது. பரவாயில்லை என்று தின்றான்.

தட்டு காலியானதும் அவள், "சரி, இறங்குங்க. எது கெட்டதுன்னு பார்ப்போம்" என்றாள்.

"நீயா?"

"வேற யாரு இருக்கா? தம்பியைத்தான் ஸ்பேனரைக் காட்டி அனுப்பிட்டீங்களே."

எதிர் வீட்டுத் திண்டிலிருந்து ஸ்பேனரை அவளே போய் எடுத்து வந்தாள். அவன் சொல்லிக் கொடுத்தான். அவள் சாவியைத் திருப்பி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்தபடி பிடித்திருக்க வேண்டும். அவன் ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்துவான். தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாமல் நிற்கும். நல்ல சிலிண்டராக இருந்தால் இன்ஜின் சத்தம் இன்னும் மோசமாகும். ஏற்கெனவே செத்த சிலிண்டராக இருந்தால் சத்தம் மாறாது.

"காலையிலயே இதைப் பார்த்திருக்கலாமே" என்றாள்.

"மிதிக்க ஆள் வேணும். காலையில உன்னைக் கூப்பிடற மாதிரியா இருந்தே? உன் தம்பி வந்ததும் டேப்பெட், தண்ணின்னு இழுத்துட்டான்."

முதல் நட்டைத் தளர்த்தினான். டீசல் சிந்தியது. இன்ஜின் முக்கிக்கொண்டு நின்றுவிடப் பார்த்தது. இறுக்கினான். இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தினான். டீசல் சிந்தியது. சத்தம் கொஞ்சமும் மாறவில்லை.

"இதுதான்!" என்று கத்தினான். அவள் பயந்துபோய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துவிட்டாள். தெரு முழுக்க வெள்ளைப் புகை. எதிர் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

மூன்றாவது நாசிலைக் கழற்றினான். அது கெட்டிருந்தால் கதை முடிந்தது. கெட்டிருக்கவில்லை. அதை வெளியிலேயே பைப்பில் மாட்டி, "கையைக் கிட்ட கொண்டு வராதே, தோலுக்குள்ள பூந்துடும்" என்று சொல்லிவிட்டு அவளை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னான். நாசில் முனையிலிருந்து டீசல் பூவாகத் தூவியது. இதைவிட அழகாகத் தூவ முடியாது. திரும்ப மாட்டினான், ஸ்டார்ட் செய்தான். மூன்று அடி, ஒரு உதறல்.

அவன் இன்ஜினை அணைத்துவிட்டு பம்பர் மேல் உட்கார்ந்தான். "டீசல் வருது. நாசில் தூவுது. டேப்பெட் சரி. அப்புறம் என்ன எழவுக்கு எரியல? இருவத்தஞ்சு வருஷம் சோறு போட்ட கழுதை, போற அன்னிக்கு உதைக்குது."

பொழுது சாயத் தொடங்கியது. அவள் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் மேல் குனிந்திருந்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. புரியாததால் வெறுமனே பார்த்தாள். வரிசையாக நாலு நாசில் நின்றன. பாவாடை விளிம்பை எட்ட நின்று பார்த்து ஏற்ற இறக்கம் சொல்கிறவள் அவள். தலையைச் சாய்த்தாள். ஒரு கண்ணை மூடினாள்.

"ஏங்க, இந்த மூணாவது தூக்கலா நிக்குதே. அப்படித்தான் இருக்கணுமா?"

"எது?"

"இது. மத்த மூணும் ஒரே மட்டம். இது அரை நூல் தூக்கல்."

"வார்ப்பு அப்படி இருக்கும்" என்றான் அங்கிருந்தபடியே.

அவள் உள்ளே போய் மர ஸ்கேலை எடுத்து வந்து நாலின் தலை மேலும் படுக்க வைத்தாள். ஸ்கேல் மூன்றாவதன் மேல் நின்று இரண்டு பக்கமும் ஆடியது. சின்னப் பிள்ளைகளின் ஏற்றப்பலகை மாதிரி. அவன் எழுந்து வந்து பார்த்தான். ஸ்கேலை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தான். அப்புறம் போய்ப் பழைய வாஷர்களைப் போட்டு வைத்திருந்த தகர டப்பாவைத் தேடி எடுத்தான்.

உள்ளங்கையில் கொட்டினான். நாலு இருந்தன. நேற்றும் நாலு என்று எண்ணித்தான் புதியதைப் போட்டான். இப்போது விளக்கில் பிடித்துப் பார்த்தான். மூன்று கரி பிடித்துத் தடியாக இருந்தன. ஒன்று மெலிசு, கரியே இல்லை. அது ஃபில்டரிலிருந்து கழற்றின வாஷர்.

"பழசு ஒண்ணு உள்ளயே ஒட்டிக்கிட்டிருக்கு" என்றான். "அது மேலயே புதுசைப் போட்டுட்டேன். ரெண்டு வாஷர் மேல நாசில் ஏறி உக்காந்தா தூவற இடம் மாறிடும். எப்படி எரியும்?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் கையை விரித்துப் பார்த்தான். "கண்ணாலதான் எண்ணியிருக்கேன். கையால தடவிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். இத்தனை வருஷத்துல இந்தத் தப்பைப் பண்ணதில்ல. உன் தம்பி சொன்னதும் நியாயந்தானோ என்னவோ. எனக்குத் தெரியாம இந்தக் கை வேலையைக் காட்டிடுச்சோ."

"கை மேல பழியைப் போடாதீங்க. கவனம் எங்கயோ இருந்திருக்கு. அது எங்க இருந்துச்சுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும்."

கழற்றுவது சுலபமாக இல்லை. நாசில் போகிற குழி ஆழம். அடியில் கரியோடு கரியாக வாஷர் ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் சுரண்டியது, கிளப்பவில்லை. வளைத்த கம்பி நிமிர்ந்து வந்தது. அவள் தம்பிக்குப் போன் செய்தாள். இருட்டுவதற்குள் அவன் நல்ல இரும்புக் கம்பி ஒன்றைத் தீட்டி, நுனியைக் கொக்கியாக வளைத்து எடுத்துக்கொண்டு வந்தான். வந்தவன் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் கம்பியை மட்டும் நீட்டினான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே மாமா."

"என்ன சொன்னே?"

"சின்ன விஷயமாத்தான் இருக்கும்னு."

நிதானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு. "ஆமா மாப்ளே, சொன்னே. பிடி அந்த விளக்கை."

கொக்கியை விட்டுச் சுற்றிச் சுற்றிக் கிளறினான். ஏதோ அசைந்தது. ஆனால் ஏறி வரவில்லை. "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று சொல்லி ஸ்டார்ட்டரை ஒரு தடவை தட்டினான். குழியிலிருந்து புஸ்ஸென்று கரி பறந்தது. கூடவே செம்பு வாஷர் எகிறிப் போய் சமையலறைச் சுவரில் டிங்கென்று அடித்துக் கீழே விழுந்தது. மச்சினன் குனிந்து எடுத்தான். கை சுட்டது போல உதறிவிட்டு மறுபடி எடுத்தான்.

அரை மணியில் நாசில் திரும்பவும் உட்கார்ந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எடுத்துக்கொண்டு, நாலு அடியும் சரியாக வைத்து நின்ற இடத்திலேயே ஓடியது. சமையலறைத் தட்டுகள் சும்மா இருந்தன. எதிர் வீட்டம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, "நின்னுடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ஓடுது."

"அப்படியா? சத்தமே காணோம்" என்று துணியைக் கொடிக்கு எடுத்து வந்தாள்.

மறுநாள் காலை செடிக்காரம்மா வந்தாள். ஐம்பது வயசு இருக்கும். நகக்கண்ணில் மண். பேச்சு வளவளவென்று இல்லை. பானட்டைத் தூக்கிப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், பின்பக்கப் பலகைகளைத் தட்டிப் பார்த்தாள். இன்ஜின் ஓடும்போது பம்பரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நல்லா இருக்கே. இதை ஏன் விக்கறீங்க?"

"வேற வேலை கிடைச்சிருக்கு" என்றான் நிதானம்.

"சரி. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து சத்தம் கேக்கறேன். ஆத்துப் பாலம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடலாம். ஏத்தத்துல எப்படி இழுக்குதுன்னு தெரியணும்."

நிதானம் சாவியைப் பார்த்தான். சாவி அவன் கையிலேயே இருந்தது. கேபின் கதவு திறந்திருந்தது. ஏறுவதற்கு ஒரு காலை வைத்தான். மற்ற கால் தரையிலேயே இருந்தது.

"அவரால முடியாதும்மா" என்று வாசலிலிருந்து சத்தமாகச் சொன்னாள் அவன் மனைவி. அளவு நாடாவைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு இறங்கி வந்தாள். "நேத்து ஸ்பேனர் வழுக்கிக் கை சுளுக்கிக்கிச்சு. ஸ்டீயரிங் பிடிக்க முடியாது. உங்களுக்கு ஓட்டத் தெரியும்தானே? நீங்களே ஓட்டுங்க. உங்க வண்டி ஆகப்போறது, உங்களுக்குத்தான் தெரியணும். நான் கூட வர்றேன்."

பேரத்துக்குத் துணையாக வந்திருந்த மச்சினன் வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

செடிக்காரம்மா தலையை ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கினாள். அவள் இந்தப் பக்கம் ஏறினாள், இவள் அந்தப் பக்கம் ஏறினாள். லாரி நகர்ந்து, தெருமுனையில் நின்று, திரும்பி மறைந்தது. நிதானம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முதல் கியர், இரண்டாவது கியர்.

"சீக்கிரம் மாத்தறாங்க" என்றான். "இன்னும் கொஞ்சம் இழுத்துட்டு மாத்தணும்."

"வந்ததும் சொல்லுங்க மாமா."

"சொல்லி என்ன? அவங்க வண்டி."

பாலம் வரை போனவர்கள் திரும்பி வர நேரமாயிற்று. வந்ததும் பேச வேண்டியதைப் பேசி, கையெழுத்துப் போட வேண்டியதைப் போட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் செடிக்காரம்மா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது தெருவில் ஒரு கோழி நின்றது. அவள் ஹாரனை அடித்தாள். நிதானத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அந்த ஹாரனின் சத்தத்தை அவனே சரியாகக் கேட்டதில்லை.

சுவர் ஓரத்தில் லாரி நின்ற இடம் எண்ணெய்க் கறையோடு நீளமாகக் கிடந்தது. அவன் அதைப் பார்க்காமல் படியில் உட்கார்ந்தான். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"பாலத்து மேல போனீங்களா?"

"போனோம். நடுவுல நிறுத்தி ஆத்தைக்கூடப் பார்த்தோம்."

"இழுத்துச்சா?"

"என்னத்தைக் கண்டேன்? நான் அந்தம்மா கண்ணையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

அப்போது எதிர் வீட்டம்மா ஒரு கிண்ணத்தில் எண்ணெய் காய்ச்சி, முந்தானையால் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். முகத்தில் நேற்றைய கோபம் எதுவும் இல்லை.

"கை சுளுக்காமே டிரைவரே. காலையில உன் பொண்டாட்டி சொன்னது காதுல விழுந்துச்சு. சூட்டோட தேய்ச்சா சரியாயிடும். காட்டு. எந்தக் கை?"

நிதானம் மனைவியைப் பார்த்தான். அவள் எந்தக் கை என்று சொல்லியிருக்கவில்லை. அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"ரெண்டும்தான்மா" என்று சொல்லி இரண்டு கையையும் நீட்டினான்.

எதிர் வீட்டம்மா படியில் உட்கார்ந்து ஒரு கையை எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை அவன் மனைவி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் விரலை நனைத்தாள்.